செல் துண்டு என்று நீ சொன்ன கட்டி

என் அருமை அக்கா,

அருமை என்று வழக்கத்துக்கு எழுதிவிட்டேன் என்று நினைக்காதே, அருமைதான். ஆனால் உன்மேல் எனக்குள்ள கோபம் இன்னும் ஆறவில்லை. உன் ஆண்டுத் திவசத்துக்கு வந்த தர்மபுரத்துச் சனம் சோறு சாப்பிட்டுவிட்டு, "நல்ல மனுசி" என்று சொல்லிவிட்டுப் போனது. நான் சொல்லவில்லை. நல்ல மனுசி கூடப்பிறந்தவளுக்குப் பொய் சொல்வாளா?

உன் கைக்குக் கீழே கமக்கட்டில் கட்டி வந்தபோது நீ சிரித்தாய். "செல் துண்டடி. முதுகில கிடந்தது ஊர்ந்து வந்திட்டுது," என்றாய். இங்கே அதை யார் மறுப்பார்கள்? சண்டையில் செல் வெடித்துப் பட்ட இரும்பை உடம்பில் வைத்துக்கொண்டுதான் எத்தனையோ பேர் வயலுக்குப் போகிறார்கள். எங்கே தடித்தாலும் துண்டு, எங்கே குத்தினாலும் துண்டு.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். வீட்டுக்கு வந்து, "படத்தில துண்டு தெரியுதடி," என்றாய். தெரிந்ததுதான், முதுகில். கமக்கட்டில் இரும்பே இல்லை, ஊசியால் சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று டொக்டர் சொன்னதை அப்படியே விழுங்கிவிட்டாய். கட்டி உடைந்து நீ படுக்கையில் விழுந்த பிறகுதான் அவர் வாயால் அதைக் கேட்டேன். உனக்கு என்ன விசரா அக்கா? செல்லுக்குப் பயப்படாதவள் ஓர் ஊசிக்கா பயந்தாய்? இல்லை, புற்றுநோய் என்ற அந்தச் சொல்லுக்கா?

இப்போது இதைக் கேள். உன் மகள் மதுசாவுக்கு மார்பில் ஒரு கட்டி. அவளும் மறைத்துத்தான் வைத்திருந்தாள், குணம் எங்கே போகும்? நான் கண்டுபிடித்துக் கேட்க, "ரியூமர் எண்டா முடிஞ்சுது சித்தி. அம்மாவைப் பாத்தனான்தானே," என்று அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். துண்டு என்று சாட்டுச் சொல்லவும் அவளுக்கு வழியில்லை, சண்டை முடிந்தபின் பிறந்த பிள்ளை.

கதவை உடைப்பேன் என்று கத்தித்தான் கூட்டிப்போனேன். அங்கே இருந்த பெண் டொக்டர் அவளை இருத்திச் சொன்னார்: "கட்டி எண்டது ஒரு வருத்தத்தின்ர பேர் இல்லைப் பிள்ளை. உடம்பில வழமைக்கு மாறா வளருறதுக்குப் பொதுப்பேர். ரியூமர் எண்டாலும் அதுதான். சிலது வளந்த இடத்திலயே கிடக்கும், பரவாது. சிலது பரவும், அதைத்தான் புற்றுநோய் எண்டுறது. எது எண்டு எடுத்துப் பாத்தாத்தான் சொல்லலாம்."

எடுத்துப் பார்த்தார்கள். நார்க்கட்டியாம். பயப்பட ஒன்றுமில்லையாம். மதுசா அங்கேயே ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்து அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, உன்மேல் பற்றிக்கொண்டு வந்தது. எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்று உனக்கும் இப்படித்தானே சொல்லியிருப்பார்கள்?

பஸ்ஸில் வரும்போது அவள் கேட்டாள்: "அம்மாவும் அண்டைக்கே ஊசிக்குப் போயிருந்தா இப்ப இருந்திருப்பாவோ சித்தி?"

"தெரியேல்லைப் பிள்ளை," என்றேன். வேறென்ன சொல்ல? உன் கட்டியைத்தான் உரிய நேரத்தில் யாரையும் பார்க்க விடவில்லையே நீ. இந்தப் பிள்ளை காலம் முழுக்கக் கேட்கப்போகிற கேள்விக்கு என்னிடம் மறுமொழி இல்லாமல் செய்துவிட்டுப் போய்விட்டாய்.

ஆகவே உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இனி இந்த ஊரில் எவராவது கட்டியைத் தடவிக்கொண்டு "துண்டுதான்" என்றால், உன் பெயரைச் சொல்லுவேன். என்ன பொய் சொன்னாய், எப்படிக் கிடந்து செத்தாய் என்று எல்லாவற்றையும் சொல்லுவேன். செத்தவளைக் குறை சொல்கிறாள் என்று சனம் என்னைத் திட்டட்டும். உனக்கும் கோபம் வந்தால் எழும்பி வந்து என்னோடு சண்டை பிடி அக்கா. நான் வீட்டில்தான் இருப்பேன்.

உன்னை இன்னும் மன்னிக்காத தங்கச்சி,
வதனி