சுவரைத் தொடாத கால்கள்

கோபக்கார அண்ணனுக்கு உன் வாயாடித் தங்கை செல்வி ஆசையோடு எழுதுவது.

முதலில் நல்ல சேதியைச் சொல்லிவிடுகிறேன். மாடியில் நீ வைத்துவிட்டுப் போன ஆகாயக் கதவு போன வாரம் திறந்தது. உன் பெண்டாட்டி மீன் குழம்புச் சட்டியை ஏந்திக்கொண்டு அந்தக் கதவைத் தாண்டி நடந்து வந்து, என் வீட்டு மாடியில் உட்கார்ந்து ஆறு இட்லி சாப்பிட்டார். கீழே விழவில்லை. நம்புகிறாயா?

இந்தக் கடிதத்தை மற்றவர்களும் படிக்கப் போகிறார்கள். அதனால் உனக்குத் தெரிந்த கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள். அப்பா இடத்தைப் பிரித்தபோது நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கும் ஆறடிச் சந்து என் பங்குக்கு வந்தது. உன் சுவர் வரைக்கும் என் மண். பிறகு நீ மாடி எடுத்தாய். என் மாடிக் கதவுக்கு நேர் எதிரே உன் சுவரில் ஒரு கதவு வைத்தாய். அதற்கு வெளியே படியும் இல்லை, பால்கனியும் இல்லை, வெறும் காற்றுதான். தெருவே சிரித்தது. நானும்தான் சிரித்தேன்.

அடுத்த வாரம் நீ சந்தில் வந்து நின்றுகொண்டு கூப்பிட்டாய். நான் அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வந்திருந்தேன், பசி வேறு.

"செல்வி, உன் எடத்துல நான் கால் ஊனிக்கிறேன், அம்புட்டுதான்" என்றாய்.

எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல். இந்த ஆறடிச் சந்தையும் வளைக்க வந்துவிட்டான் என்றுதான் கேட்டது. என் இடத்தில் கால் ஊன்ற நீ யார் என்று ஆரம்பித்தேன், அப்பாவின் பத்திரம் வரைக்கும் போனேன். உனக்கும் மூக்குக்கு மேல் கோபம். இனி என் சுவரில் ஒரு ஆணிகூட நீ அடிக்கக் கூடாது என்று கத்திவிட்டுப் போனாய். மூன்று வருடம் நாம் பேசவில்லை. உன் மகன் அருள் கல்யாணத்தில் நீயாகவே வந்து என் இலையில் வடையை வைத்தாய், அதோடு சமாதானம். ஆனால் சந்தைப் பற்றி நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

நீ கண்ணை மூடிய பிறகு உன் பெண்டாட்டி, என் மதினி, மாடியில் தனியாக இருக்கிறார். கீழ்வீட்டை வாடகைக்கு விட்டாயிற்று. முழங்கால் வலியில் படி இறங்க முடிவதில்லை. நான் தூக்குவாளியில் கொண்டுபோய்க் கொடுப்பதைத் தனியாக உட்கார்ந்து பாதி சாப்பிட்டு மீதியை வைத்துவிடுவார். அருள் சென்னையிலிருந்து தினமும் போன் போட்டு, அம்மா வந்துருங்க, வந்துருங்க என்று கெஞ்சினான். பிள்ளை மேல் தப்பில்லை. ஆனால் அந்தப் பதினோராம் மாடி வீட்டில் மதினி யாரோடு பேசுவார்? ஒருநாள் பெட்டியை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கே முடிவு செய்தேன். என் மாடிக் கதவிலிருந்து உன் ஆகாயக் கதவு வரைக்கும் ஓர் இரும்புத் தளம் போட்டுவிட்டால் மதினி படியே இறங்க வேண்டாம். ஆறடி நடந்தால் என் அடுப்படி.

மதினிக்கு முகமெல்லாம் சிரிப்பு. ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். உன் சுவரில் ஆணி அடிக்கக் கூடாதாம்.

"அந்த மனுசன் இருக்கும்போது நான் ஒரு பேச்சும் கேட்டதில்ல. இந்த ஒரு பேச்சையாவது காப்பாத்துறேன்" என்றார்.

மதினி, ஆணி அடிக்காமல் உத்திரத்தை எதில் தாங்குவது, அண்ணன் மேலிருந்து கையில் பிடித்துக்கொள்ளுமா என்று கேட்டுவிட்டேன். எனக்கு வாய் அப்படித்தான். மதினி திரும்பிப் பெட்டியைப் பார்த்தார். நான் அடங்கிவிட்டேன்.

உன் சினேகிதர் முத்தையா அண்ணன்தான், அந்த உசிலம்பட்டி வெல்டர், வந்து பார்த்தார். என் பக்கம் கான்கிரீட் தூண் இருப்பதால் கவலையில்லை என்றார். உன் பக்கம் வந்து கீழ்வீட்டுச் சுவரைக் கட்டைவிரலால் சுரண்டினார். சாந்து மாவாக உதிர்ந்தது.

"இது உங்கப்பா காலத்துச் சுண்ணாம்புச் சுவரு டீச்சர். உத்திரத்தை இதுல போல்ட் போட்டு மாட்டுனா, நடக்க நடக்க ஆடிச் செங்கல்லைப் பேத்துரும். சுவரை விட்டுருங்க. ஒட்டாம ஓரமா ரெண்டு இரும்புக் கால் ஊனிருவோம், பாரம் நேரா மண்ணுக்குப் போயிரும்."

கால் ஊனிருவோம். நான் சந்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன் அண்ணே. முப்பது வருடம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள், ஒரு சின்னக் காலுக்கு அர்த்தம் தெரியாமல் மூன்று வருடம் உன்னோடு பேசாமல் இருந்திருக்கிறேன்.

என்ன ஆயிற்று என்று முத்தையா அண்ணன் பயந்துவிட்டார். சொன்னேன். அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். நீ அன்றைக்கே ரெண்டு வீட்டுக்கும் நடுவில் தளம் போட அளவெடுத்தாயாமே. இரண்டு கால்களும் அவர் கையாலேயே செய்து வாங்கிக்கொண்டாயாமே. அந்தக் கால்கள் எங்கே என்று கேட்டதற்கு, அண்ணன் வீட்டு மொட்டைமாடியில்தானே கிடக்கின்றன என்றார்.

நான் படியேறி ஓடினேன். கைப்பிடிச் சுவர் மேல் குறுக்கே போட்டு, இத்தனை வருடமாக நீங்கள் துணி காயப்போட்ட இரண்டு குழாய்கள்! ஒவ்வொன்றின் முனையிலும் உத்திரம் உட்காருவதற்கான தகடு. அதன் ஓட்டையில் மதினி கிளிப்புப் பையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். கீழ்வீட்டுக்காரரின் ஈரக் கைலியைத் தள்ளிவிட்டு அந்த இரும்பைக் கட்டிக்கொண்டு அழுதேன். அழுதுகொண்டே சிரிக்கவும் செய்தேன். உன்னைத் திட்டவும் செய்தேன்.

தூண் என்று சொல்லியிருக்கக் கூடாதா? நானாவது, எந்தக் கால் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. உன் சுவரோரம் குழி தோண்டி, கான்கிரீட் போட்டு, காலை நிறுத்தினார்கள். சந்தில் நான் சிமெண்டு போட்டு மேடாக்கியிருந்ததால் நாலு விரல் உயரம் வெட்ட வேண்டியிருந்தது, மற்றபடி உன் அளவு சரி. உத்திரங்கள் இரண்டும் அந்தக் கால்களின் தலையில் உட்கார்ந்திருக்கின்றன. உன் சுவருக்கும் அவற்றுக்கும் இடையில் இரண்டு விரல் இடைவெளி. மதினி நம்பவில்லை. ஜன்னல் வழியாக ஒரு சேலையை அந்த இடைவெளியில் மேலிருந்து கீழே விட்டு, கீழே நின்ற என்னை இழுத்துப் பார்க்கச் சொன்னார். தடங்கலில்லாமல் வந்தது. அதற்குப் பிறகுதான் கதவின் தாழ்ப்பாளைத் தொட்டார்.

முதலில் என் வீட்டுக்காரரை ஏற்றிவிட்டோம். அவர் உடம்புக்குத் தாங்கினால் யானைக்கும் தாங்கும் என்று முத்தையா அண்ணன் சொல்லிவிட்டார். அவரும் கோபித்துக்கொள்ளாமல் நடுவில் நின்று இரண்டு குதி குதித்தார். தளம் அசையவே இல்லை.

நேற்று அருள் காரோடு வந்தான். அம்மாவை அழைத்துப் போயே தீருவது என்ற முடிவோடு வந்திருந்தான். மதினி தளத்தின் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து என்னோடு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அவன் கெஞ்சியதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு கீரைத் தட்டை என் மடியில் வைத்துவிட்டு, யார் கையையும் பிடிக்காமல் எழுந்து, இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவு வரைக்கும் ஒருமுறை நடந்து காட்டினார்.

"நான் எங்கயும் வரல அருளு. எங்க வீட்டை இப்பத்தான் உங்கப்பா கட்டி முடிச்சிருக்காரு" என்றார்.

அருள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து எங்களோடு உட்கார்ந்து கீரை ஆய்ந்தான். காம்பும் இலையுமாகப் போட்டான், அது வேறு விஷயம்.

அண்ணே, ஒவ்வொரு வருடமும் மழைக்கு முன்னால் அந்தக் கால்களின் அடியைத் துருப்பிடிக்காமல் தேய்த்து என் கையாலேயே பெயிண்ட் அடிப்பேன். மதினியோடு சண்டை போடாமல் இருப்பேன் என்று மட்டும் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் எவ்வளவு சண்டை போட்டாலும், அன்றைய சாப்பாட்டுக்குள் பேசிவிடுவேன்.

இப்படிக்கு,
உன் கூடப்பிறந்தவள்,
உன்னை ஒரு வார்த்தை கேட்க மறந்த தங்கை,
செல்வி