போவது கிட்ட, வருவதுதான் தூரம்

அம்மா,

பாரிஸில் இறங்கிவிட்டேன் என்று அண்ணன் இப்போதுதான் போன் செய்தான். உன் காரியத்தை முடித்துவிட்டு நேற்று ராத்திரி கிளம்பியவன். போனை வைத்ததும் துடைப்பத்தை எடுத்தேன். வாசல், கூடம், அடுப்படி எல்லாம் பெருக்கியாயிற்று. உன் அறைக்கு வந்ததும் கை நின்றுவிட்டது.

ஊருக்குப் போனவர் அங்கே இறங்குகிற வரைக்கும் வீட்டைப் பெருக்கக் கூடாது. நம் ஒதியம்பட்டில் பாதி வீடுகளில் இதுதான் வழக்கம். ஆனால் உன்னைப்போல் அவசரக்காரி யாருமில்லை. ராத்திரி ஒன்றரைக்குச் சென்னையில் ஏறினால் காலை எட்டுக்குப் பாரிஸ் என்று அண்ணன் சொல்லிவிட்டான் அல்லவா, நம் கூடத்துக் கடிகாரம் எட்டைக் காட்டியதும் பெருக்க ஆரம்பித்துவிடுவாய். நான் ஓடிவந்து துடைப்பத்தைப் பிடுங்குவேன்.

"அது அவங்க ஊரு எட்டும்மா! நம்ம ஊருக்குப் பதினொன்னரை. உன் புள்ள இன்னும் வானத்துலதான் இருக்கு."

"எட்டுன்னா எல்லா ஊர்லயும் எட்டுதான்டி. இன்னாத்துக்குக் கதை உடற?"

வருகிற கணக்கும் அதே கடிகாரத்தில்தான். போக ஆறரை மணி நேரம், வரப் பதினாலு மணி நேரம் என்பாய். அங்கே காலை பத்துக்குக் கிளம்புகிறவன் இங்கே வந்து இறங்க நடுராத்திரி ஆகிவிடுகிறதே! போனாலும் வந்தாலும் பத்து மணி நேரம்தான் என்று தலையில் அடித்துக்கொள்வேன். "போறது கிட்டக்க, வர்றதுதான்டி தூரம்" என்று முடித்துவிடுவாய். அதைத் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

நீ மூச்சு வாங்கிக் கிடந்த அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. அண்ணன் விமானத்தில் வந்துகொண்டிருந்தான். அவன் முகத்தைப் பார்க்காமல் போய்விடுவாயோ என்று போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் வருகிற வழியைக் காட்டுகிற படத்தில் அந்தக் குட்டி விமானம் நகர்ந்தால்தானே!

"எங்கடி வரான்?"

"கடல் மேல வரான்மா. தோ, வந்துட்டான்."

"வர்றதுதான்..." என்றாய். மீதியை நான் மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். விளக்கு வைக்கிற நேரத்தில் போய்விட்டாய். அது தெரியாமல் அவன் இன்னும் பறந்துகொண்டிருந்தான், பாவம்.

மறுநாள் அண்ணன் வந்து உன்னை எடுத்ததும் வீட்டைக் கழுவப் பெண்கள் குடத்தோடு வந்தார்கள். உன் அறையை மட்டும் பூட்டினேன். அத்தை கத்தினாள்.

"எடுத்த வூட்டக் கழுவாம உடக் கூடாதுடி!"

"அம்மா எது வரைக்கும் போயிருக்குன்னு தெரியாம எப்படி அத்தை கழுவறது?"

அத்தை குடத்தை இறக்கி வைத்துவிட்டு அழுதாள்.

தினமும் காலை எட்டு மணிக்கு உன் அறைக்குள் துடைப்பம் இழுபடுகிற சத்தம் கேட்கிறது. பயமாக இருக்கிறது அம்மா. திறந்து பார்த்தால் தூசி கலையவில்லை. நீ சீவிப் போட்ட முடி மூலையில் அப்படியே சுருண்டிருக்கிறது. மறுபடி பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்கிறேன்.

அண்ணன் போய் இறங்கிவிட்டான். நீ மட்டும் போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று இன்னும் சொல்லவில்லை. துடைப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு உன் கதவோரம் நிற்கிறேன். போவது கிட்ட என்று நீதானே சொன்னாய்? இன்னுமா அம்மா வழியிலேயே இருக்கிறாய்?