சத்தமில்லாத சாவு

செவ்வாய், ராத்திரி.

இன்னைக்கு எங்க சுரங்க நகரிய பட்ஜெட் கூட்டத்துல எங்க வருஷாந்திர நாடகத்துக்குப் பணம் கிடையாதுன்னுட்டார் நிதி அதிகாரி. "பாதி ஹால் தூங்குதேங்க"ன்னார். நாடகம் எழுதுறவன் நான். சுர்ருனு ஏறிடுச்சு.

"நைட் ஷிப்ட்காரங்க சார். பகல்ல குவார்ட்டர்ஸ்ல பிள்ளைங்க தூங்க விடுதா? சாயங்காலம் எங்க நாடகத்துலதான் நிம்மதியா தூங்குறாங்க. அதையும் நிறுத்தினா சுரங்கத்துல போய்த் தூங்குவாங்க, பரவாயில்லையா?"ன்னேன்.

மனுஷன் யோசிச்சார். பணம் உண்டுன்னார். ஆனா தூங்குறவங்களை எழுப்பக் கூடாதாம்.

அதனால கடைசி சீன்ல இருந்த துப்பாக்கிச் சூட்டை நீக்கிட்டு வில்லனுக்கு விஷம் வெச்சுட்டேன். வில்லனா நடிக்கிற கிரேன் ஆபரேட்டர் செல்வராஜ்கிட்ட இன்னும் சொல்லல. அந்தாளு இதுவரைக்கும் எந்த நாடகத்துலயும் கத்தாம செத்ததே இல்ல.