நுரை துடைத்த காகிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் தம்பி மனைவி எழுதிக்கொள்வது. எல்லோரும் நலம் என்று தொடங்கத்தான் கை போகிறது. பொய்யில் தொடங்கினால் கடைசிவரை பொய்யாகவே எழுதிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

போனில் பேசாமல் இதென்ன கடிதம் என்று நினைப்பீர்கள். வீட்டில் இருப்பது ஒரே போன், அது எப்போதும் அவர் சட்டைப் பையில். எதிர்த்த தையல்கடையில் போய்ப் பேசலாமென்றால், உங்கள் குரல் கேட்டதுமே நான் அழுதுவிடுவேன். அழுகையைப் பார்த்தால் சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிடும். நல்லவேளை, தையல்காரரின் மகள் நாளை உங்கள் ஊருக்குக் கிளம்புகிறாள். அவள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

அக்கா, உங்கள் தம்பி மாத்திரையை நிறுத்திவிட்டார். இன்றோடு பதினெட்டு நாள். இதயம் தாறுமாறாகத் துடிக்காமல் இருக்க இரண்டு வருடமாகச் சாப்பிட்டாரே, அந்த மாத்திரையைத்தான். அட்டையை எடுத்து எண்ணிப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். கேட்டதற்கு, அதைத் தின்னுட்டுப் பொணமாட்டம் இருக்கறதுக்கு, திங்காம கொஞ்ச நாள் மனுசனா இருந்துட்டுப் போறேன் என்று சொல்லிவிட்டுச் சீப்பைக் கழுவப் போய்விட்டார். சண்டை போட்டேன், காலில்கூட விழுந்தேன். உங்கள் தம்பியின் பிடிவாதம் உங்களுக்குத் தெரியாததா? தலைகீழாக நின்றாலும் அசையமாட்டேன் என்கிறார்.

முகம்தான் காரணம். அது நிறம் மாறத் தொடங்கி எட்டு மாதம் ஆகிறது. முதலில் மூக்கு நுனி, அப்புறம் கன்னம், காது. அடுப்புச் சாம்பலில் நீலத்தைக் கலந்து பூசியது போல. சட்டைக் காலருக்குக் கீழே பழைய நிறம் அப்படியே இருக்கிறது. சவர சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று முதலில் நினைத்தார். சோப்பை மாற்றினார், வாசனைத் தைலத்தைக் கொட்டினார், மருந்துக் கடைக்காரர் கொடுத்த களிம்பைப் பத்து வாரம் தடவினார். சலூன் வைத்திருப்பவருக்கு எதைக் கண்டாலும் சோப்பின் மேல்தானே சந்தேகம் வரும்! மாத்திரையின் மேல் அப்போது எங்கள் இருவருக்குமே சந்தேகம் வரவில்லை. களிம்பு கேட்கவில்லை என்று போனபோது, இந்த மாத்திரையாலும் இருக்கலாம் என்று மருந்துக் கடைக்காரரே அவரிடம் சொன்னாராம், எனக்கு நேற்றுத்தான் தெரியும்.

வேறு தொழிலாக இருந்தால் முகத்தை மறந்திருப்பார். இந்தத் தொழிலில் காலை முதல் இரவு வரை கண்ணாடிக்கு முன்னால் நிற்க வேண்டியிருக்கிறது. வாடிக்கையாளர் தன் தலையைப் பார்ப்பதை விட்டுவிட்டு இவர் முகத்தையே பார்க்கிறாராம். போன மாதம் ஒரு அம்மா, பாதி வெட்டிய தலையோடு பிள்ளையை நாற்காலியிலிருந்து இறக்கிக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். தொட்டால் ஒட்டிக்கொள்ளுமாம். அவள் தலையில் இடி விழ! அன்றைக்கு வீட்டுக்கு வந்து, நம்ம கண்ணாடி மேல அந்தத் துண்டப் போடு என்று மட்டும் சொன்னார்.

அதையும் தாங்கிக்கொண்டு மாத்திரை சாப்பிட்டார் அக்கா. சொல்லாமல் இருக்க முடியவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். அன்று நீங்கள் வீடியோவில் கூப்பிட்டீர்களே, அவரைப் பார்த்ததும், ஐயோ என்னடா பொணக்களை வந்துடுச்சே, என்னால பாக்க முடியலடா என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். பாசத்தில் பதறித்தான் சொன்னீர்கள், எனக்குத் தெரியாதா? ஊரே சொன்னதைத் துடைத்துப் போட்டவர், இடுப்பில் தூக்கி வளர்த்த அக்கா சொன்னதைத் துடைக்க முடியாமல் நிற்கிறார். மறுநாள் காலையிலிருந்துதான் அட்டையில் மாத்திரை குறையவில்லை.

உங்களை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. என் கதையைக் கேளுங்கள்.

சவரம் செய்யும்போது கத்தியில் வரும் நுரையைத் துடைக்கக் காகிதம் வேண்டுமல்லவா. கல்யாணமான நாளிலிருந்து அதை வெட்டிக் கொடுப்பது என் வேலை. பழைய செய்தித்தாள், காலண்டர், எது கிடைத்தாலும் உள்ளங்கை அளவுக்குச் சதுரமாக வெட்டிக் கட்டிவைப்பேன். மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து ஒரு தாள் வருமே, பொடிப்பொடி எழுத்தில், அது மெல்லிசு, நுரையை நன்றாக உறிஞ்சும். எனக்கு ஒரே சந்தோஷம். மாதாமாதம் ஒரு தாள் வந்தது. மாதாமாதம் வெட்டினேன். ஒரு தடவைகூடப் படிக்கவில்லை அக்கா.

முந்தாநாள் மத்தியானம் சாப்பாடு கொண்டு கடைக்குப் போனேன். ரிட்டயரான வாத்தியாருக்குச் சவரம் நடந்துகொண்டிருந்தது. கத்தி கழுத்துப் பக்கம் இருந்தபோது உங்கள் தம்பியின் கை அப்படியே நின்றுவிட்டது. இடது கையால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். நெற்றியெல்லாம் வியர்வை. கழுத்து நரம்பு கண்டபடி துடித்தது எனக்கு வாசலிலிருந்தே தெரிந்தது. வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டே, என்னப்பா தூங்கிட்டியா என்று கேட்டார். இவரும் சிரித்துச் சமாளித்து, கத்தியை மெல்ல எடுத்தார். கீழே சிதறிய நுரைக் காகிதங்களை நான்தான் பொறுக்கினேன். ஒரு காகிதத்தில் நுரைக்கு அடியில் எழுத்து தெரிந்தது. தோலின் நிறம் மாறினால், வெயிலைத் தவிர்க்கவும், என்று இருந்தது. காகிதக் கட்டைப் பிரித்துத் தேடினேன். இன்னொரு துண்டு கிடைத்தது. அதில், மருத்துவரைக் கேட்காமல் நீங்களாகவே நிறு, என்பதோடு முடிந்திருந்தது. மீதி என் கத்தரியில் போய்விட்டது.

நேற்று சந்தைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு டாக்டரிடம் ஓடினேன். அந்த மருந்து சிலருக்கு அப்படிச் செய்யுமாம், வெயில் பட்டால் அதிகமாகுமாம். நம் கடையோ மேற்குப் பார்த்தது. மூன்று மணி வெயில் நேராக அவர் முகத்தில்தான் விழும். முதலிலேயே வந்து சொல்லியிருந்தால் வேறு வழி பார்த்திருக்கலாமே அம்மா என்றார் டாக்டர். இப்போதும் மருந்தை மாற்ற முடியுமா என்று பார்க்கிறேன், ஆனால் ஆளை நேரில் கூட்டிக்கொண்டு வா, இந்த வாரத்துக்குள் வா, இப்படியே விட்டால் எந்த நிமிடமும் இதயம் நின்றுபோகலாம் என்றார். நிறம் மெதுவாகத்தான் குறையுமாம். முழுதாகப் போகும் என்று அவர் சொல்லவில்லை, அதனால் நானும் உங்களுக்குச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னேன். வரமாட்டேன் என்று ஒரே பேச்சு. காகிதத்தை வெட்டியது நான்தான் என்பதை மட்டும் சொல்லத் தைரியம் வரவில்லை. ராத்திரியெல்லாம் அவர் மார்பில் கையை வைத்தபடி படுத்திருக்கிறேன். ஓடுகிறது, தடுக்குகிறது, மறுபடி ஓடுகிறது. அடுத்த துடிப்பு வரும்வரை எனக்கு உயிர் இல்லை.

அக்கா, இதைப் படித்த உடனே அவரை வீடியோவில் கூப்பிடுங்கள். நான் எழுதினேன் என்று சொன்னாலும் சரி, சொல்லாவிட்டாலும் சரி. அழகாக இருக்கிறாய் என்று சொல்லாதீர்கள், கண்டுபிடித்துவிடுவார். அவர் முகத்தை நேராகப் பாருங்கள். அழுகை வந்தால் அழுங்கள், ஆனால் திருப்பிக்கொள்ள மட்டும் வேண்டாம். பார்த்துக்கொண்டே, நாளைக்கு டாக்டரைப் பாருடா என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். போவார். நீங்கள் சொன்னால் போவார்.

எனக்கு அவர் எந்த நிறத்தில் இருந்தாலும் போதும் அக்கா. இருந்தால் போதும்.

நீங்களும் உங்கள் வீட்டாரும் நோய்நொடி இல்லாமல் நூறு வயது இருக்க வேண்டும். அந்த நூறில் கொஞ்சம் உங்கள் தம்பிக்கும் கேட்டு வாங்கிக் கொடுங்கள்.

உங்கள் குரலுக்காகக் காத்திருக்கும்
தம்பி மனைவி

பி.கு.: அந்த இரண்டு துண்டுகளையும் இதோடு வைத்திருக்கிறேன். நுரை காய்ந்து ஒட்டியிருக்கிறது, மெதுவாகப் பிரியுங்கள். முந்தாநாளிலிருந்து நான் காகிதம் வெட்டுவதில்லை. ஏன் என்று அவரும் கேட்கவில்லை. புறங்கையிலேயே துடைத்துக்கொள்கிறார்.