வாசலை மாற்றினேன், வலி மாறவில்லை

என் அன்பு மகளே,

நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகமாக இருக்கிறீர்களா. நாங்களும் இங்கே சுகம் என்று அடுத்த வரி வர வேண்டும், கடிதம் என்றால் அப்படித்தான் தொடங்கும் என்று எங்கள் பஸ் நிலையத்து டைம் கீப்பரம்மா சொல்லிக் கொடுத்தார்கள். அந்த வரியை நான் எழுதவில்லை. உன் அம்மா சுகம். குழாயில் தண்ணீர் ஒழுங்காக வருகிறது, மாடிப்படியின் உடைந்த கைப்பிடியைச் சரி செய்துவிட்டார்கள். என்னைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் இந்தக் காகிதத்தை நன்றாகப் பார், இது என் கையெழுத்து. வேறு யாரையும் எழுதச் சொல்லவில்லை. ஒவ்வொரு எழுத்தாக உட்கார வைத்து வருகிறேன், இன்றோடு மூன்றாவது நாள். எனக்கு ரொம்பப் பிடித்த எழுத்து 'ஞ', வரிக்கு ஒரு 'ஞ' வருகிற மாதிரி ஏதாவது எழுத ஆசைதான், ஆனால் சொல்ல வேண்டியது வேறாக இருக்கிறது.

உனக்குத் தெரியும், முப்பத்தோரு வருஷம் பஸ் நிலையத்து வடக்கு வாசலில் நின்று ஊர்ப் பெயரைக் கூவி ஆள் ஏற்றியவன் நான், பலகையில் எழுதியிருந்த ஒரு பெயரைக்கூடப் படித்தவன் இல்லை. பஸ்ஸின் நிறமும் டிரைவரின் முகமும்தான் எனக்குப் பலகை. ஒரு பஸ்ஸுக்குப் புதுச் சாயம் அடித்துவிட்டார்கள் என்று தெரியாமல் நாற்பது பேரை வேறு ஊருக்கு அனுப்பி வைத்தேனே, அதைக் கேட்டு நீ வயிறு வலிக்கச் சிரித்தாய். ஐந்து மாதத்துக்கு முன் என் குரல் கம்மிப் போனது. டைம் கீப்பரம்மா என்னைத் தன் அறைக்குள் கூப்பிட்டு, "கூவுனது போதும் பெரியவரே, இங்க உக்காந்து கரும்பலகையில எழுதுங்க" என்றார்கள். எனக்கு எழுதத் தெரியாதேம்மா என்றேன். "ஊர் பேரெல்லாம் வாயில இருக்குல்ல, கைக்கு இறக்கி விட்டா போதும்" என்று சொல்லிவிட்டு, ஒரு நாளைக்கு ஒரு ஊர் என்று கற்றுக் கொடுத்தார்கள். இப்போது எந்த பஸ் எத்தனை மணிக்கு என்று நான் எழுதுகிறேன், அதை அண்ணாந்து பார்த்து ஜனங்கள் ஏறுகிறார்கள், ஒருவரும் ஊர் மாறிப் போனதில்லை. இந்த வயதில் எனக்கு இப்படி ஒரு சந்தோஷம் வந்ததை நினைத்தால் சிரிப்பாக வருகிறது. அந்தச் சந்தோஷத்தில்தான் தொண்டையைக் கவனிக்காமல் விட்டேன். குரல் கம்மியதே ஒரு நல்ல காரியத்துக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன் மகளே.

போன மாதம் ஒரு புதன்கிழமை நீ போன் செய்தபோது, தொண்டையில் வலது பக்கம் மட்டும் பத்து நாளாக வலிக்கிறது, விழுங்கினால் காதுக்குள் குத்துகிறது என்றாய். நாள் முழுக்க ஆபீஸில் போனில் பேசுகிற வேலை, அந்தக் கருவியை வலது காதில் மாட்டுவதால் அந்தப் பக்கம் வலிக்கிறது என்று காரணமும் நீயே சொன்னாய். நான் என்ன சொன்னேன், "உப்புத் தண்ணி கொப்பளிம்மா, சரியாப் போயிடும்" என்றேன். அதற்கு இரண்டு நாள் முன்னால், திங்கட்கிழமை, பெரிய ஆஸ்பத்திரியில் எனக்கு விஷயத்தைச் சொல்லியிருந்தார்கள். தெரிந்தும் அப்படிச் சொன்னேன். வாசலில் எவன் தொண்டை வலி என்று வந்தாலும் முப்பத்தோரு வருஷமாக உப்புத் தண்ணீர் என்று சொல்லிப் பழகிய வாய், உனக்கும் அதையே சொல்லிவிட்டது. அந்தச் சொல்லைத் திரும்ப வாங்கத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாமே என்பாய். என் குரல் இப்போது போனில் ஏறுவதில்லை, உன் அம்மா பாதியில் அழுதுவிடுவாள், நீயும் "சரிப்பா" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விடுவாய். காகிதம் என்றால் வைத்த இடத்திலேயே கிடந்து உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், பயப்படாமல் படி. எட்டு மாதத்துக்கு முன் இடது பக்கம் மட்டும் வலி வந்தது. கூவுகிறவர்களுக்கு இது சகஜம். வடக்கு வாசலில் பஸ்கள் இடது கைப்பக்கம் நிற்கும், கழுத்தை அந்தப் பக்கம் திருப்பியே கூவுவோம், அதனால் இடது பக்கம் கட்டிக்கொள்ளும். எங்களுக்குள் அதற்கு ஒரு வைத்தியம் உண்டு, வாசலை மாற்றிக்கொள்வது. தெற்கு வாசலில் கூவுகிறவன், நாங்கள் சங்கு என்று கூப்பிடுவோமே, அவனை உனக்கு ஞாபகம் இருக்கும், உன் கல்யாணத்தில் மைக் இல்லாமல் எல்லோரையும் சாப்பிடக் கூப்பிட்டவன். அவனிடம் வாசலை மாற்றிக்கொண்டேன். அங்கே வலது பக்கம் திரும்பிக் கூவ வேண்டும். இரண்டு மாதம் அப்படியே கூவினேன். வலி இடது பக்கத்திலேயே இருந்தது. கூவுவதால் வந்த வலியாக இருந்தால் அது என்னோடு திரும்பியிருக்க வேண்டாமா. பத்து நாளில் புரிந்திருக்க வேண்டிய விஷயம். "புது வாசல் பழகணும்ல, அதுக்கும் நாள் ஆகும்" என்று சங்கு சொன்னான், நானும் தலையாட்டினேன். பிறகு காது குத்தியது, காதில் சொட்டு மருந்து விட்டேன், காதில் ஒரு கோளாறும் இல்லை, தொண்டையில் இருப்பது காதில் வந்து வலிக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும். ரொட்டியைப் பாலில் ஊற வைத்தால்தான் இறங்கியது. சட்டை தொளதொளத்தது. சவரம் செய்யும்போது கழுத்தில் இடது பக்கம் கோலிக்குண்டு மாதிரி ஒன்று கைக்குத் தட்டுப்பட்டது, அது வலிக்கவே இல்லை, வலிக்காததால் அதை விட்டுவிட்டேன்.

உன் அம்மாதான் கடைசியில் சட்டையைப் பிடிக்காத குறையாக இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் சின்னப் பெண், உன் வயதுகூட இருக்காது. மூக்கு வழியாக ஒரு மெல்லிய குழாயை விட்டுத் திரையில் பார்த்தார். எத்தனை நாளாக என்று கேட்டார். கொஞ்ச நாளாகத்தான் என்றேன். உன் அம்மா, "எட்டு மாசம்மா, இவருக்கு எட்டு மாசம் கொஞ்ச நாளு" என்றாள். டாக்டர் சிரிக்கவில்லை. பிறகு சதைத் துணுக்கு எடுத்துச் சோதித்து, அந்தத் திங்கட்கிழமை சொன்னார். தொண்டையின் அடியில் இடது பக்கம் புற்று. கழுத்துக்கும் வந்துவிட்டது, நுரையீரலிலும் புள்ளிகள் தெரிகின்றன, வெட்டி எடுக்கிற கட்டம் தாண்டிவிட்டது. கதிர் காட்டிக் கரண்டு வைத்தால் வலி கொஞ்சம் அடங்கும், அவ்வளவுதான். இப்போது மூச்சு முட்டத் தொடங்கியிருப்பதால் கழுத்தில் துளை போட்டு ஒரு குழாய் வைக்க வேண்டும், அதன் பிறகு சத்தம் வராது. அது வருகிற வியாழக்கிழமை. சிகரெட் உண்டா தாத்தா என்றார், உண்டு, இருபத்தைந்து வருஷம் என்றேன், எழுதிக்கொண்டார். முன்னாலேயே வந்திருந்தால் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. எனக்காக எதையும் வேண்டிக்கொள்ள வேண்டாம் மகளே, அதற்கு இனி நேரம் இல்லை.

உனக்காக மட்டும் அவரிடம் கேட்டு வந்தேன். ஒரு பக்கம் மட்டும் தொண்டை வலிப்பது பெரும்பாலும் சின்ன விஷயம்தானாம், உள்நாக்குப் பக்கத்துச் சதை வீங்கியிருக்கலாம், வாய்ப்புண், கடைவாய்ப் பல், நெறி கட்டுவது, வயிற்றுப் புளிப்பு மேலே ஏறுவது, இப்படி எத்தனையோ. ஆனால் மூன்று வாரம் தாண்டியும் ஒரே பக்கம் வலித்தால் காரணம் என்னவாக இருந்தாலும் தொண்டை டாக்டர் பார்த்துவிட வேண்டும் என்றார். காது குத்தல், குரல் கம்முவது, விழுங்க முடியாமல் போவது, கழுத்தில் கட்டி, எச்சிலில் ரத்தம், காரணமில்லாமல் உடம்பு இளைப்பது, இதில் ஒன்று சேர்ந்தால்கூட மூன்று வாரம் காத்திருக்கக் கூடாதாம். உனக்குக் காது குத்துகிறது. சட்டென்று வருகிற வகை ஒன்றும் உண்டு, அது சங்குக்குப் போன வருஷம் வந்தது. இரண்டு நாள் காய்ச்சல், மூன்றாம் நாள் காலையில் வாயை இரண்டு விரல் அளவுகூடத் திறக்க முடியவில்லை, எச்சில் ஒழுகியது, சூடான கிழங்கை வாயில் வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி பேச்சு. அவன் மனைவி, "கல்யாணமாகி இப்பதான் வீடு அமைதியா இருக்கு, அதான் எனக்குப் பயமா இருக்கு" என்று சொல்லி அப்போதே வண்டியில் ஏற்றிக்கொண்டு போனாள். உள்ளே சீழ் கட்டியிருந்தது, ஊசியால் இழுத்து எடுத்தார்கள், ஒரு வாரத்தில் பழையபடி தெற்கு வாசலில் கத்திக்கொண்டிருந்தான். அந்த மாதிரி இருந்தாலோ, மூச்சு விடக் கஷ்டமாக இருந்தாலோ அந்த நிமிஷமே ஓட வேண்டும். அவன் பிழைத்தான், போனதால் பிழைத்தான்.

நீ அந்தக் கருவியை இடது காதுக்கு மாற்றிப் பார்க்கிறேன் என்று சொல்வாய், என் மகள்தானே. மாற்றாதே அம்மா. அது நான் வாசல் மாற்றிய கதை, எனக்கு அதில் இரண்டு மாதம் போனது. நீ பத்து நாள் என்று சொல்லி ஒரு மாதம் ஆகப் போகிறது, இது உன் கைக்கு வர இன்னும் ஒரு வாரம் ஆகும். உனக்கு ஒன்றும் இருக்காது என்றுதான் டாக்டரும் சொல்வார். ஆனால் அதை டாக்டர் சொல்ல வேண்டும், நான் சொல்லி நீ கேட்டது போதும். எத்தனை நாளாக என்று கேட்டால் கொஞ்ச நாளாக என்று சொல்லாதே, தேதியைச் சொல். இவ்வளவு எழுதியும் நீ போக மாட்டாயோ என்றுதான் எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது, ஏனென்றால் நான் போகவில்லை.

இதைப் படித்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஓடி வர நினைப்பாய். அதற்கு முன் தொண்டையைக் காட்டிவிட்டு வா. நான் அதுவரை இருப்பேன், டாக்டர் சில மாதம் என்றுதான் சொன்னார். நீயும் மாப்பிள்ளையும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும், குட்டி பெரிய படிப்பெல்லாம் படிக்க வேண்டும், தாத்தாவைவிடச் சீக்கிரம் படிக்க வேண்டும். மறந்துவிடாதே, டாக்டரைத் தமிழில் எழுதித் தரச் சொல்லி அந்தச் சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வா. வாசலில் உன்னைப் பார்த்ததும் என்ன சொன்னார்கள் என்று கேட்க எனக்குச் சத்தம் இருக்காது. கையை நீட்டுவேன், சீட்டைக் கொடு, நானே படித்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
தன் கையால் எழுதிய
உன் அப்பா