இங்கே என் பெயர் பேராவூரணி

அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி தேவலையா? நான் நலம்.

பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையில் எங்களை ஊர்ப்பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். நான் பேராவூரணி. எனக்கு முன்பிருந்த பேராவூரணிக்காரன் சொல்லாமல் ஓடிவிட்டானாம். அதனால் போன வாரம் முதலாளி என் பாஸ்போர்ட்டை மட்டும் வாங்கிப் பூட்டிவிட்டார். "உங்க ஊருன்னாலே ஓடிருவீங்க லா" என்று இந்த நாட்டுப் பேச்சு வழக்கப்படி ஒரு 'லா' சேர்த்துச் சிரித்தார். அவருடைய தாத்தா கப்பலேறியதும் நம் ஊரிலிருந்துதான். அதைப் பெருமையாகச் சொல்வார். நானும் சிரித்துவைத்தேன். கவலைப்படாதீர்கள், சாப்பாட்டுக்குக் குறையில்லை.

அடுத்த மாதம் வரும் செல்வத்திடம் பருப்புப் பொடி கொடுத்தனுப்புங்கள். டப்பாவில் ஊரை எழுத வேண்டாம். அழகேசன் என்று பெரிதாக எழுதுங்கள். எடுத்துக் கொடுப்பவனாவது ஒரு தடவை என் பெயரைச் சொல்லட்டும்.

"பேராவூரணி, மேசை தொடைக்கலையா?" என்கிறார்கள். போகிறேன்.

உங்கள்
அழகேசன்