ரூத் அம்மாவின் மரண அறிவித்தல்

செவ்வாய், இரவு.

ரூத் அம்மாவின் இறுதி நிகழ்வு சனிக்கிழமை மில்லிக்கன் பகுதியில் நடக்கும். அவரது மகள் டேனா இன்று மாலை உறுதிப்படுத்தினார்.

ரூத் செரோக்கி என்ற அமெரிக்கப் பழங்குடி இனத்தவர், கூடை பின்னும் கலைஞர். மருமகன் குகன் நம்மவர். பிறம்ரன் நகரில் தான் வேலை செய்யும் களஞ்சியத்திலிருந்து, பெட்டி கட்டும் பிளாஸ்டிக் பட்டிகளைக் குகன் கொண்டுவருவார். ரூத் அவற்றில் தன் முன்னோரின் கோலங்களைப் பின்னுவார். எங்கள் வீட்டு வெங்காயம் அப்படியொரு மஞ்சள் கூடையில்தான் கிடக்கிறது.

எங்கள் தமிழ்ப் பத்திரிகைக்கான மரண அறிவித்தலை வழக்கம்போலத் தந்தை பெயர், கணவர் பெயர் என்று தொடங்கியிருந்தேன். அவர்கள் வீட்டில் குகன் அதை மொழிபெயர்த்துச் சொன்னதும் டேனா வாய்விட்டுச் சிரித்தார். செரோக்கியருக்குக் குலம் தாய்வழியில் வருகிறது.

"அண்ணை, மாமி இருந்திருந்தா உந்தப் பேப்பரைக் கிழிச்சுக் கூடை பின்னியிருப்பா," என்றார் குகன். "தாய், தாயின்ர தாய், பிறகுதான் மற்ற ஆக்கள்."

"அப்ப உம்மட பிள்ளையள்?" என்று கேட்டேன்.

"அவையும் மாமியின்ர குலம்தான். வீட்டில நான் மட்டும்தான் விருந்தாளி!"

செத்த வீட்டில் நான் இப்படிச் சிரித்ததில்லை.

அறிவித்தலை மாற்றி எழுதிவிட்டேன். ரூத்தின் தாய்வழிப் பாட்டியின் பெயர் மட்டும் தெரியவில்லை. ஒக்லஹோமாவிலுள்ள தன் சின்னம்மாவிடம் கேட்டு, நாளை காலை பத்து மணிக்குள் டேனா சொல்வார். பதினொரு மணிக்குப் பத்திரிகைப் பக்கம் அச்சுக்குப் போகும். அதுவரை அந்த இடம் வெறுமையாகவே இருக்கட்டும். அங்கே வேறு யாருடைய பெயரையும் போடமாட்டேன்.